இரண்டாம் பீப்பாயின் வேலை

ஒயின் பீப்பாயில் சில மாதம் இருத்தி எடுத்த பர்பன் விஸ்கி என்றதும் பலரும் எதிர்பார்ப்பது கூடுதல் இனிப்பை. கடைகளிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து வரும் ஏஞ்சல்ஸ் என்வி, இந்த வகையைப் பரவலாக அறிமுகப்படுத்திய புட்டி. அதை நிதானமாகச் சுவைத்துப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பு தவறு என்று தோன்றுகிறது. பர்பனுக்கு இனிப்பில் என்றுமே குறை இருந்ததில்லை. அதில் குறைவது பழச்சுவையும், அதோடு வரும் மெல்லிய புளிப்பும்தான். இரண்டாம் பீப்பாய் இந்தக் குறையைத் தீர்த்தால் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு. இனிப்பின் மேல் இனிப்பை ஏற்றிவிட்டுப் போனால் வீண்செலவு.

இந்தக் குறை ஏன் வந்தது என்பதற்கு விடை அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. பர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுத்த சாராயத்தை, உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் கலத்தில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புது மரம் வாரி வழங்கும். சூடுபட்ட லிக்னின் சிதைந்து வனிலின் ஆகிறது. ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரைகளாக உடைந்து கேரமல் மணமும் நிறமும் தருகிறது. அமெரிக்க ஓக்கில் மிகுந்திருக்கும் லாக்டோன்களால் தேங்காய் வாசம் வருகிறது. கெண்டக்கியின் கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுவதும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறுவதும் இந்தச் சாறிறக்கத்தை வேகப்படுத்துகின்றன. நொதித்தலின்போது பிறக்கும் எஸ்டர்களால் பர்பனிலும் கொஞ்சம் பழவாசம் உண்டு. ஆனால் மரம் அதை அமுக்கிவிடுகிறது. ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்களையே பெரிதும் நம்பியிருக்கும் ஸ்காட்லாந்து விஸ்கிகளுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை.

ஏஞ்சல்ஸ் என்வியை உருவாக்கிய லிங்கன் ஹென்டர்சன், பிரவுன் ஃபோர்மன் நிறுவனத்தின் தலைமை வடிப்பாளராக இருந்தவர். 1996இல் வெளிவந்த உட்ஃபோர்டு ரிசர்வை உருவாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. ஓய்வுபெற்ற பிறகு மகன் வெஸ் ஹென்டர்சனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஏஞ்சல்ஸ் என்வி 2010இல் வெளிவந்தது. 2013இல் அவர் மறைந்தார்; 2015இல் பக்கார்டி நிறுவனம் அதை வாங்கியது. முதிர்ந்த பர்பனை ரூபி போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றி 3 முதல் 6 மாதம் வரை வைக்கிறார்கள். புட்டியில் 43.3 சதவீதம் ஆல்கஹால். போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் செய்யப்படும் ஒயின். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவதால், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை அதில் தங்கிவிடுகிறது. அந்த ஒயினில் சில லிட்டர், பீப்பாயின் பலகைகளுக்குள் ஊறிக் கிடக்கும். பர்பன் போய்ச் சந்திப்பது அதைத்தான்.

போர்ட் பீப்பாய் உண்மையில் என்ன செய்தது என்பதை அறிய, போர்ட் படாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாய்ப்பான புட்டி ஒன்று இருக்கிறது: ஓல்டு ஃபாரஸ்டர், 43 சதவீதம் செறிவுள்ளது. அதன் தானியக் கலவை 72 சதவீதம் மக்காச்சோளம், 18 சதவீதம் ரை, 10 சதவீதம் பார்லி மால்ட். ஏஞ்சல்ஸ் என்வியின் கலவையும் அதே விகிதம்தான். செறிவும் ஏறக்குறைய ஒன்றே. வாய் குறுகிய இரண்டு கோப்பைகளில் ஒரே அளவு ஊற்றி, பத்து நிமிடம் விட்டுவிட்டு முகர்ந்தால் வேறுபாடு உடனே தெரிகிறது. ஓல்டு ஃபாரஸ்டரில் முதலில் எழுவது வனிலாவும் கருகிய மரமும்; அவற்றின் அடியில் வாழைப்பழச் சாயலும் ரையின் மிளகுக் காரமும். ஏஞ்சல்ஸ் என்வியிலும் வனிலா முன்னால்தான் நிற்கிறது. ஆனால் அதை ஒட்டியே செர்ரியும் உலர்திராட்சையும் வருகின்றன, மரத்தின் காரநெடி தணிந்திருக்கிறது. வாயில் வைத்தபின் வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. ஓல்டு ஃபாரஸ்டர் நடுநாக்கில் இனித்து, தொண்டையில் உலர்ந்து, மரத் துவர்ப்போடு முடிகிறது. ஏஞ்சல்ஸ் என்வி அதே இனிப்பில் தொடங்கி, நாக்கின் இரு ஓரங்களிலும் சற்றே புளிப்பைக் கிளப்புகிறது. அந்தப் புளிப்பால் வாய் ஊறுகிறது, துவர்ப்பு தனியாக உறுத்தவில்லை. முடிவு சற்றுக் குறுகியது என்பது இதன் உண்மையான குறை. விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே பழம் மறைந்து, மெல்லிய மரவாசம் மட்டும் நிற்கிறது.

ஈஸ்ட் வேறு, வடிகலன் வேறு, கிடங்கும் முதிர்ச்சிக் காலமும் வேறு, பிறகு இந்த ஒப்பீடு எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாழைப்பழச் சாயலும் காரத்தின் அளவும் அவற்றால் மாறக்கூடியவையே. ஆனால் அதே 72, 18, 10 விகிதத்தில் வரும் உட்ஃபோர்டு ரிசர்வை மூன்றாம் கோப்பையில் ஊற்றினாலும், அந்த உலர்திராட்சைச் சாயலும் ஓரப் புளிப்பும் இந்த அளவுக்கு வருவதில்லை. மூன்றில் ஒன்றுக்கு மட்டும் உள்ள சுவைக்கு, மூன்றில் ஒன்று மட்டும் கண்ட பீப்பாயைக் காரணமாகச் சொல்வதே பொருத்தம்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. பர்பனில் தண்ணீர் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்கிறது விதி. ஒயின் ஊறிய பலகையில் வைப்பது கொல்லைப்புறமாக ஒயினைச் சேர்ப்பதுதானே? இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஒயின் உள்ளே வரத்தான் செய்கிறது, கொஞ்சம் சர்க்கரையும் வருகிறது. அதனால்தான் புட்டியின் முகப்பில் வெறுமனே பர்பன் என்று போடாமல், போர்ட் ஒயின் பீப்பாய்களில் நிறைவுபெற்றது என்று சேர்த்தே எழுதுகிறார்கள். வாங்குபவரிடம் எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் ஒயினை நேரே ஊற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. ஓல்டு ஃபாரஸ்டரில் ஒரு கரண்டி ரூபி போர்ட் கலந்து பார்த்தால் போதும். சர்க்கரை மேலாக மிதக்கிறது, செறிவு தளர்கிறது, ஒயின் ஒரு பக்கமும் விஸ்கி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. பீப்பாயில் கழிந்த மாதங்களில் மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்றும், சாராயம் பலகைக்குள் போய் வருவதும் இரண்டையும் இணைக்கின்றன. நல்ல இணைப்பைச் சோதிக்க வழி எளிது: சில துளி தண்ணீர் விடுங்கள். ஏஞ்சல்ஸ் என்வியில் பழமும் வனிலாவும் சேர்ந்தே விரிகின்றன. அளவுக்கு மீறி ஒயின் பீப்பாயில் கிடந்ததென்றால், தண்ணீர் பட்டதும் ஒயின் வாடை மட்டும் தனியே எழும்.

எந்த ஒயின் என்பதும் முக்கியம். நாபா பள்ளத்தாக்கின் குரோத் காபெர்னே பீப்பாய்களில் நிறைவுபெறும் ஜெஃபர்சன்ஸ் ரிசர்வ் புட்டியில் மணம் அழகானது. ஆனால் இனிப்பற்ற சிவப்பு ஒயினின் துவர்ப்பு, புது ஓக்கின் துவர்ப்போடு கூடி முடிவில் வாயை இறுக்குகிறது. போர்ட்டின் மிச்சச் சர்க்கரை இங்கேதான் உதவுகிறது, துவர்ப்பைத் தாங்கிக்கொள்ளும் மெத்தையாக. 2019இல் வந்த லெஜன்ட் வேறு வழியில் போகிறது. பீம் குடும்பத்தின் ஃபிரெட் நோவும் சண்டோரியின் ஷின்ஜி ஃபுகுயோவும் சேர்ந்து செய்த அதில் ஒரு பகுதி பர்பன் சிவப்பு ஒயின் பீப்பாயிலும், ஒரு பகுதி ஷெர்ரி பீப்பாயிலும் இருந்து வந்து, இரண்டாம் பீப்பாயே காணாத பர்பனோடு கலக்கிறது. 47 சதவீதச் செறிவில் தானியத்தின் குரல் அடங்காமல் நிற்பதற்கு அந்தக் கலப்பே காரணம். மட்டமான சாராயத்தை மறைக்கவே ஒயின் பீப்பாய் என்போருக்கும் இதில் பதில் உண்டு. மறைப்பதுதான் நோக்கமென்றால் யாரும் அடிப்படைப் பர்பனைத் திரும்பக் கொண்டுவந்து கலந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஏஞ்சல்ஸ் என்வி சுமார் 50 டாலர்; ஓல்டு ஃபாரஸ்டர் ஏறக்குறைய அதில் பாதி. வனிலாவும் மரமும் போதும் என்பவர் இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை. பர்பனின் மரத் துவர்ப்பால் ஒதுங்கி நிற்பவருக்கும், பழச்சுவைக்காக ஸ்காட்ச் பக்கம் போனவருக்கும் அந்த வித்தியாசம் தகும். 2012 முதல் ஆண்டுதோறும் வரும் ஏஞ்சல்ஸ் என்வியின் முழுச்செறிவுப் பதிப்பில் முடிவு நீள்கிறது. விலையும் பல மடங்கு நீள்கிறது, முதல் புட்டியாக வாங்க ஏற்றதல்ல. எதை வாங்கினாலும் ஐஸ் வேண்டாம்: குளிரில் பழவாசம் எழும்புவதில்லை, துவர்ப்பு முன்னே வந்துவிடும், கூடுதலாகக் கொடுத்த பணமும் அதோடு போகும். ஓல்டு ஃபேஷன்டு காக்டெயில் கலக்குவதானால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, செர்ரியை விட்டுவிட்டு, ஆரஞ்சுத் தோலை மட்டும் பிழிந்தால் போதும்.