உறவா, உடன்பாடா? ஜாவாவின் திரட்டு நூலகம் பற்றிய ஒரு நோக்கு

கருத்தியல் வகுப்பு, இடைமுகம் ஆகிய இரண்டையும் வெறும் இலக்கண வேறுபாடாகவே நம்மிற் பலர் பயின்றுள்ளனர். முன்னது முற்றுப்பெறாத வகுப்பு; பின்னது செயல்களின் பெயர்ப்பட்டியல் என்ற அளவில் பரீட்சை விடை நிறைவுறுகின்றது. எனினும் எதனை எப்போது தெரிதல் வேண்டும் என்னும் வினாவுக்கு வரைவிலக்கணம் விடை தராது. ஆக்கப்பட்ட செய்நிரல்களை ஆராய்தலே அதற்கு வழியாகும்.

1996 இல் வெளிவந்த ஜாவாவின் முதற் பதிப்பிலுள்ள ஸ்டாக் என்னும் வகுப்பை நோக்குவோம். இறுதியில் வைத்ததை முதலில் எடுத்தலே அடுக்கின் இயல்பு. ஆயின் அவ்வகுப்பு, வெக்டர் என்னும் வகுப்பின் வழித்தோன்றலாக ஆக்கப்பட்டது. அதன் பயனாக அடுக்கின் நடுவிலும் ஒன்றைச் செருகலாம். நடுவிலிருந்து ஒன்றை நீக்கவும் செய்யலாம். வெக்டர் கருத்தியல் வகுப்பன்று. எனினும், எழுதிய நிரலை மீளப் பயன்படுத்தும் வசதிக்காக மட்டும் மரபுரிமையை நாடுவது பொருளின் இயல்பையே சிதைத்துவிடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1998 இல் வெளிவந்த திரட்டு நூலகம் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. அங்கு லிஸ்ட் ஓர் இடைமுகம்; அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் ஒரு கருத்தியல் வகுப்பு. முன்னது பயன்படுத்துவோனுக்கு அளிக்கப்படும் வாக்குறுதி; பின்னது ஆக்குவோனுக்கு அளிக்கப்படும் உதவி. மாற்றமுறாத பட்டியலொன்றை ஆக்குவோன், உறுப்பை எடுத்துத் தரும் செயலையும் அளவைக் கூறும் செயலையும் மட்டும் எழுதினாற் போதும். எஞ்சியவற்றை அக்கருத்தியல் வகுப்பே வழங்கும். ஒரு வகுப்புக்கு இரு பெற்றோரை ஜாவா அனுமதிப்பதில்லை. ஆதலின், ஏலவே வேறொரு வகுப்பின் வழிவந்த வகுப்பு இடைமுகத்தை நேரே ஏற்கலாம்.

இடைமுகமே எக்காலும் சிறந்தது என்பாரும் உளர். அக்கூற்று முழுமையானதன்று. வெளியிடப்பட்ட இடைமுகமொன்றில் உடலற்ற புதிய செயலைச் சேர்ப்பின், அதனை ஏற்ற வகுப்புகள் மீண்டும் தொகுப்பிக்கு உட்படும்போது பிழைபடும். கருத்தியல் வகுப்பிலோ அச்செயலை உடலுடன் சேர்க்கலாம். 2014 இல் வந்த எட்டாம் பதிப்பு, இடைமுகச் செயல்களும் உடல் பெற இடமளித்தமை இவ்விடர்ப்பாட்டின் விளைவே. ஆயினும் பொருளின் நிலையைத் தாங்கும் புலங்களும் ஆக்கிகளும் இன்றும் வகுப்புக்கே உரியன.

ஆகவே, நிலையும் நடைமுறையும் உண்மையாகவே பொதுவாக உள்ளவிடத்துக் கருத்தியல் வகுப்பையும், ஆற்றலை மட்டும் உறுதிகூற வேண்டியவிடத்து இடைமுகத்தையும் தெரிதல் தகும். தவறான தெரிவின் சுமையைத் தாங்குவோன் பெரும்பாலும் அதனைச் செய்தவனல்லன். பின்னர் அதனை நம்பி எழுதுவோனே. ஸ்டாக் வகுப்பு இன்றும் நீக்கப்படாது நிற்றல் இதனையே நமக்கு உணர்த்துகின்றது.