தாபோரின் ஒளியும் பொற்சில்லும்

பைசாந்தியக் கோயிற் கலையைப் பேசுவோர் அதன் பொன்னைப் புகழ்ந்துவிட்டு அப்பாற் செல்வது வழக்கம்; அப்பொன் அங்கே என்ன காரியம் செய்கிறது என்று கேட்பவர் சிலரே. மெல்லிய பொன் தகட்டை இரு கண்ணாடிப் படலங்களுக்கிடையே வைத்து இணைத்து, சிறு சில்லுகளாக வெட்டி, ஈரம் உலராத சுண்ணச்சாந்தில், ஒன்றுபோல் மற்றொன்று அமையாதவாறு சற்றே சாய்த்துப் பதித்தான் அக்காலத்துக் கம்மியன். ஆதலால் எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போதும், தொழ வந்தவன் ஓரடி நகரும்போதும், ஒரு சில்லு அணைய மறு சில்லு பற்றிக்கொள்கிறது. ஒளியை வரைந்து காட்டாமல் சுவரையே ஒளிக்கு இருப்பிடமாக்கிய இந்த யுக்தியே இக்கலையின் தலையாய சிறப்பென்பேன். (மின்விளக்கைப் பாய்ச்சிப் பார்ப்பவருக்கு இதிற் பாதிகூடக் கிட்டாது.)

ஆனால் பொன்னுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. ராவென்னா நகரில் 547-ல் அபிஷேகம் பெற்ற சான் விதாலே ஆலயத்தில், கிறிஸ்துவின் பின்னே மின்னும் அதே பொன்வெளி ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் பின்னேயும் மின்னுகிறது. அவன் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் உண்டு. தெய்வ சோதிக்கும் அரண்மனைக் கருவூலத்துக்கும் கண் வேற்றுமை காணாதபடி செய்துவிட்ட இக்குறை சிறியதன்று.

சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில், அதே 6-ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கலைஞன் இதற்கு மாற்றுக் கண்டான். தாபோர் மலையில் கிறிஸ்து மறுரூபமான காட்சியைப் பொன்வெளியில் அமைத்தவன், அவரைச் சூழ்ந்த முட்டைவடிவ மண்டலத்தை மட்டும் நீலத்தால் இழைத்தான். அந்நீலமோ விளிம்பில் வெளிறி, உள்ளே செல்லச் செல்லக் கறுக்கிறது. ஒளியின் மிகுதியே அறிவுக்கு இருளாகும் என்று டயோனீசியஸ் பெயரால் வழங்கும் நூல்கள் கூறும் தத்துவத்தை அவன் படித்தானோ இல்லையோ, கையால் அறிந்திருந்தான். கடவுளின் சாரம் எட்டாதது, அவருடைய சக்தியாகிய தாபோர் ஒளியோ மனிதன் பங்குபெறத் தக்கது என்ற இறையியலாளர் கிரகோரி பலாமாஸின் கோட்பாட்டைக் கான்ஸ்தாந்திநோபிள் சபை 1351-ல் உறுதி செய்வதற்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, நடுவில் கறுத்த நீலத்தையும், அதனின்று புறப்பட்டுச் சீடர்மேற் பாயும் கதிர்களையும் அச்சுவர் ஒருங்கே காட்டிவிட்டது. பொன்னால் மட்டும் இது கூடியிராது.

அச்சபைக்குத் தலைமை தாங்கிய சக்கரவர்த்தி ஆறாம் ஜான் கண்டகூசினோஸ் 1347-ல் முடிசூடியபோது, அரச அணிகலன்கள் வெனிஸில் அடகு கிடந்தன. அன்று அரச மணிகளாக மின்னியவற்றிற் பெரும்பாலானவை வெறும் கண்ணாடி என்று, பின்னர் அதே சபையில் கண்டனம் பெற்ற வரலாற்றாசிரியர் கிரகோராஸ் எழுதிவைத்திருக்கிறார்.