சிவப்புக் கோட்டுச் சித்தாந்தம்

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, இயன்றவரை குறைந்த நேரத்தில் கடந்துவிட வேண்டும் என்னும் ஒரே நோக்கமுடையது டிராக் பந்தயம் ஆதலால், அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் செய்வதற்கென்று இருக்கும் காரியங்களும் மிகச் சிலவே. பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சைப் பதமாக விட்டுப் புறப்பட வேண்டும். வண்டியைக் கோணாமல் நேரே செலுத்த வேண்டும். உரிய தருணங்களில் கியரை ஏற்ற வேண்டும். முன்னிரண்டும் பயிற்சியால் கைவர வேண்டியவை என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் ஓயாத வாதம். யந்திரத்தின் சுழல்வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை யந்திரத்தை முறுக்கிவிட்டு அதன் பின்னரே கியரை மாற்ற வேண்டும் என்பது பெரும்பான்மையோரின் சித்தாந்தம்; முறுக்குவிசை உச்சத்திலிருக்கும் இடத்தை ஒட்டியே மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் முறுக்குவது வெறும் சத்தமே என்பது சிறுபான்மையோரின் சித்தாந்தம்.

சிறுபான்மையோரின் வாதத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனெனில் அதில் நீண்ட விசாரணைக்கு இடமில்லை. வண்டியை முன்னே தள்ளுவது யந்திரத்தின் அச்சில் பிறக்கும் முறுக்குவிசை மட்டுமன்று, அது கியர்ப் பெட்டியின் வழியே பெருக்கப்பட்டுப் பின் சக்கரத்தில் வந்து சேரும் விசையே. கியரை ஏற்றும்போது அந்தப் பெருக்கம் குறைந்துவிடுகிறது. யந்திரத்தின் முறுக்குவிசை உச்சத்தைத் தாண்டிச் சற்றே சரிந்திருந்தாலும், பழைய கியரின் பெருக்கத்தால் சக்கரத்தில் கிடைக்கும் விசை, அடுத்த கியரின் உச்ச முறுக்குவிசை தருவதைவிட மிகுதியாகவே இருக்கும். ஆகவே முறுக்குவிசையின் உச்சத்தில் கியரை ஏற்றுபவர், கையிலிருக்கும் பெரிய லாபத்தை விட்டுச் சிறிய லாபத்தைத் தேடிப் போகிறவர் ஆகிறார். ஊர்ச்சாலையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது நல்ல வழி. பந்தயப் பாதையில் அதற்கு வேலையில்லை.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடும் வண்டியின் சக்கரத்தில் கிடைக்கும் தள்ளுவிசை, அந்தக் கணத்தில் யந்திரம் தரும் குதிரைத்திறனுக்கு நேர் விகிதமாக இருக்கிறது என்பதே இவ்விஷயத்தின் அடிப்படைப் பிரமாணம். இதிலிருந்து கியர் மாற்றத்தின் விதியும் தானே பிறக்கிறது: இப்போதைய கியரில் சக்தி உச்சத்தைத் தாண்டிச் சரிந்து, அதே வேகத்தில் அடுத்த கியருக்குப் போனால் கிடைக்கக்கூடிய சக்திக்குச் சமமாகும் இடம் எதுவோ, அதுவே மாற்றுவதற்குரிய இடம். அந்த இடம் எப்போதும் சக்தியின் உச்சத்துக்கு அப்பால்தான் இருக்கும். எவ்வளவு அப்பால் என்பது, கியர் ஏற்றும்போது ஆர்.பி.எம்., அதாவது நிமிடச் சுழற்சி எண்ணிக்கை, எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது.

உதாரணத்துக்கு, 1999-ஆம் ஆண்டில் சுஸூகி நிறுவனம் வெளியிட்டு, பிறகு டிராக் பாதைகளில் நீங்காத இடம் பிடித்துவிட்ட ஹயபூசாவை எடுத்துக்கொள்வோம். 1,299 சி.சி. கொள்ளளவுள்ள அந்த முதல் மாதிரியின் யந்திரம் 9,800 ஆர்.பி.எம்.மில் உச்ச சக்தியைத் தருகிறது. சிவப்புக் கோடு 11,000-இல் தொடங்குகிறது. அதன் ஆறு கியர்களின் விகிதங்கள் முறையே 2.615, 1.937, 1.526, 1.285, 1.136, 1.043. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு 11,000-இல் மாற்றினால் முள் ஏறத்தாழ 8,150-க்கு இறங்குகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 8,670-க்கு. மூன்றிலிருந்து நான்குக்கு 9,260-க்கு. ஐந்திலிருந்து ஆறுக்கோ 10,100-க்குத்தான் இறங்குகிறது. கீழ்க் கியர்களுக்கு இடையே படிகள் உயரமாகவும், மேலே செல்லச் செல்ல அவை தாழ்வாகவும் அமைந்திருப்பதன் விளைவு இது. முதல் கியரைப் பொறுத்தவரை 11,000 வரை முறுக்கினாலும் மிகையாகாது; ஏனெனில் இரண்டாவதில் இறங்கி விழும் இடம் உச்சத்துக்கு வெகு தூரம் கீழே இருக்கிறது. ஐந்தாவதிலோ 11,000 வரை காத்திருப்பவர், பக்கத்திலேயே ஆறாவது கியர் உச்ச சக்தியோடு காத்திருக்க, உச்சத்தைத் தாண்டித் தளர்ந்துபோன யந்திரத்தை வீணே அலற விட்டுக்கொண்டிருக்கிறார்; அங்கே 10,200 அளவிலேயே மாற்றியிருக்க வேண்டும்.

சிவப்புக் கோட்டுச் சித்தாந்தத்தின் சிறப்பும் குறையும் இங்கேயே புலனாகின்றன. கீழ்க் கியர்களில் அது ஏறத்தாழச் சரி. மேல் கியர்களில் தவறு. எல்லாக் கியர்களுக்கும் ஒரே எண் என்று வைத்துக்கொள்ளும் அதன் சௌகரியமே அதன் பிழைக்கும் மூலம். இதைவிடக் கொடிய அபாயம் ஒன்றும் அதனுள் இருக்கிறது. சிவப்புக் கோட்டை ஒட்டியே, யந்திரம் அளவு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காத்திருக்கிறது. முந்நூறு ஆர்.பி.எம். முன்னதாக மாற்றியவருக்கு நேரும் நஷ்டம் அற்பம், ஏனெனில் உரிய இடத்தின் இருமருங்கிலும் இரண்டு கியர்களின் விசையும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும், முந்நூறு ஆர்.பி.எம். தாமதித்தவரோ லிமிட்டரில் முட்டி, யந்திரம் இருமித் தடுமாற, தள்ளுவிசையையே அறவே இழக்கிறார். முந்துவதும் பிந்துவதும் சமமான பிழைகள் என்று எண்ணுவது பெரிய அறியாமை.

ஆயினும், சிவப்புக் கோட்டைச் சற்றுக் கீழிறக்கி, எல்லாக் கியர்களுக்கும் ஒரே எண்ணில், மாற்றும் தருணத்தை ஒளியால் அறிவிக்கும் ஷிஃப்ட் லைட்டை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் நல்ல நேரங்களை எடுத்திருக்கிறார்களே, கணிதம் பொய்யா என்று கேட்கலாம். கணிதம் பொய்யன்று, மனிதன் மந்தமானவன், அவ்வளவுதான். எதிர்பார்த்திருக்கும் ஓர் ஒளியைக் கண்டு காலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கிறது. முதல் கியரில் ஹயபூசாவின் முள் விநாடிக்கு 3,000 ஆர்.பி.எம். என்னும் கணக்கில் பாய்வதால், அந்த இடைவெளியில் யந்திரம் 600 ஆர்.பி.எம். ஏறிவிடும், இரண்டாவதில் முந்நூற்றுச் சொச்சம், மூன்றாவதில் இருநூறுக்கும் குறைவு. ஷிஃப்ட் லைட்டை 10,400-இல் வைத்துக்கொண்டவர், தாம் எல்லாக் கியர்களையும் ஒரே இடத்தில் மாற்றுவதாக நம்பிக்கொண்டே, உண்மையில் முதலாவதை 11,000-இலும், இரண்டாவதை 10,700 அளவிலும், மூன்றாவதை 10,600-க்குச் சற்றுக் கீழும் மாற்றுகிறார். கணிதம் கேட்பதும் ஏறத்தாழ இந்த இறங்குவரிசையைத்தான். ஒரு குறையை இன்னொரு குறை இவ்வளவு அழகாக ஈடு செய்யும் காட்சியை யந்திர சாஸ்திரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்தத் தற்செயலான பொருத்தம், மனிதனின் கால் விலகி யந்திரமே கியரை மாற்றத் தொடங்கியதும் குலைந்துவிடுகிறது. முழுமையான டிராக் வண்டிகளில் ஏர் ஷிஃப்டர் என்னும் சாதனம் உண்டு. அழுத்தப்பட்ட காற்றைப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்குழலிலேயே சேமித்து வைத்து, ஹார்ன் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு உருளை கியர் லீவரை உதைத்துத் தள்ளும்படியும், அதே கணத்தில் பற்றவைப்பு ஒரு நொடிப்பொழுது துண்டிக்கப்படும்படியும் செய்திருப்பார்கள். சாலையில் எதிரே வருபவரை எச்சரிக்கப் பயன்பட்ட பொத்தான் இங்கே வேறு உத்தியோகம் பார்க்கிறது. பொத்தானையும் ஒழித்து, குறித்த ஆர்.பி.எம். வந்ததும் தானே மாற்றும்படி அமைத்துவிட்டால் 0.2 விநாடித் தாமதம் மறைந்து, வைத்த எண்ணே மாற்றும் எண்ணாகிவிடுகிறது. அந்நிலையில் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி எண் குறிக்காதவர், பழைய முறையின் பிழையை மட்டும் வைத்துக்கொண்டு அதன் பரிகாரத்தைத் துறந்தவர் ஆகிறார்.

முதல் கியரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடையில் வாங்கியபடியே உள்ள வண்டியில், முதல் கியர் முழுவதிலும் வேகவளர்ச்சிக்கு எல்லை வகுப்பது யந்திரத்தின் சக்தியன்று, முன் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடும் அபாயமே. வண்டியும் ஆளும் சேர்ந்த பாரத்தின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பின் சக்கரத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதே அந்த எல்லையை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வீலிங்தான் நடக்கும். இரண்டாவது கியரின் விசையே அந்த எல்லையை நெருங்கிவிடுகிற நிலையில், முதலாவதில் ஆயிரம் ஆர்.பி.எம். முன்னதாகவே மாற்றியவருக்கும் நஷ்டம் சிறிதே. எழத் துடிக்கும் சக்கரம் அடங்குவதால் லாபம்கூட உண்டு. முன்புறத்தைப் பட்டையால் இழுத்துத் தாழ்த்தி, ஸ்விங் ஆர்மை நீட்டிக் கட்டிய வண்டியில் மட்டுமே முதல் கியரின் கடைசி ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு மதிப்பு வருகிறது. வண்டியைப் பாராமல் எண்ணை மட்டும் கடன் வாங்குவோர் தவறுவது இங்கேதான்.

எந்த இடத்தில் மாற்றுவது என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், எவ்வளவு விரைவில் மாற்றுவது என்பதைப் பற்றி ஏன் குறைவாகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம். கியர் மாறும் பொழுதில் தள்ளுவிசை அறுந்து, வண்டி அதே வேகத்தில் மிதந்து செல்வதாகக் கொண்டால், அதனால் இறுதி நேரத்தில் விளையும் இழப்பு, அந்தக் கணத்து வேகம் எல்லைக்கோட்டு வேகத்தைவிட எவ்வளவு குறைவோ அந்த விகிதத்தில் அமைகிறது. எல்லையை மணிக்கு 232 கிலோமீட்டரில் கடக்கும் ஹயபூசாவில், 130 கிலோமீட்டரில் நிகழும் முதல் மாற்றத்துக்குக் கிளட்சைப் பிடித்துக் காலால் தள்ளி 0.2 விநாடி செலவிட்டால், 0.09 விநாடி பறிபோகிறது. அதையே ஏர் ஷிஃப்டர் 0.06 விநாடியில் செய்து முடித்தால் இழப்பு 0.03-க்கும் குறைவு. மூன்றிலிருந்து நான்குக்கு மாறுவது 218 கிலோமீட்டரில், எல்லையை நெருங்கிவிட்ட நிலையில்; அங்கே 0.2 விநாடி தாமதித்தாலும் இறுதி நேரத்தில் கூடுவது நூறில் ஒரு பங்கு விநாடி அளவே. எல்லைக்கோடு கண்ணில் பட்டுவிட்டதே, இனி எதற்கு நான்காவது கியர் என்று மூன்றாவதிலேயே இழுத்துச் சென்று லிமிட்டரில் முட்டுபவர், மலிவாகக் கிடைக்கும் மாற்றத்தை மறுத்து விலையுயர்ந்த தண்டனையை ஏற்கிறார்.

முதல் மாற்றத்துக்கே உரிய இன்னொரு கண்டமும் உண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருப்பதால், லீவரை அரைமனத்தோடு தட்டிய கால் அங்கேயே தங்கிவிட, யந்திரம் சுமையின்றி ஊளையிட, அந்த ஓட்டமே பாழாகிறது. இப்படி ஒருமுறை தவறினால் போகும் நேரத்தை, ஆர்.பி.எம். எண்ணை எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும் ஆயுள் முழுவதும் ஈட்ட முடியாது.

தங்கள் எண்ணே சரி என்பதற்கு ஓட்டிகள் காட்டும் பிரத்தியட்சப் பிரமாணம், பாதையின் முடிவில் கையில் கொடுக்கப்படும் நேரச் சீட்டு. அதில் 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, 1,320 அடி ஆகிய இடங்களைக் கடந்த நேரங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். நேற்று 10,800-இல் மாற்றினேன், இன்று 10,500-இல் மாற்றினேன், மொத்த நேரம் ஒரு தசமம் குறைந்தது, ஆகவே 10,500 சிறந்தது என்று வாதிப்பார்கள். முதல் 60 அடி வரியை ஒப்பிட்டுப் பார்த்தால், குறைந்த நேரத்தில் பெரும்பகுதி அங்கேயே, கியர் எதையும் மாற்றுவதற்கு முன்பாகவே, குறைந்திருப்பது தெரியவரும். புறப்பாட்டில் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரும் வேற்றுமை, கியர் மாற்றும் இடத்தால் விளையும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வேற்றுமையை முழுதாக விழுங்கிவிடும். 660 அடியிலிருந்து 1,320 அடி வரைக்குமான நேரத்தைத் தனியே கழித்தெடுத்து, அதையும் கடைசி 66 அடியில் அளக்கப்படும் வேகத்தையும் பல ஓட்டங்களில் ஒப்பிடுவதே நியாயமான பரீட்சை.

நம்மவர் நன்கறிந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மேற்கண்டவற்றில் சிலவற்றை மாற்றிச் சொல்ல வேண்டும். அவற்றின் சக்தி, சைலன்சருக்குள் எழும் அழுத்த அலைகளின் ஒத்திசைவைச் சார்ந்து, ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே பெருகி, அதைத் தாண்டியதும் சட்டென்று வீழ்கிறது. நான்கே கியர்கள் என்பதால் படிகளும் உயரம். முன்பாக மாற்றினால் யந்திரம் உயிரற்ற பகுதியில் போய் விழும், பின்பாக மாற்றினால் சக்தி ஏற்கெனவே போயிருக்கும். ஹயபூசாவில் மன்னிக்கப்படும் பிழை இங்கே மன்னிக்கப்படுவதில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் நடக்கும் தேசிய டிராக் போட்டிகளில் பெரிய வண்டிகளுக்குப் பொருந்திய எண்ணைச் சிறிய வண்டிக்கும் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை.

ஆக, சிவப்புக் கோடு வரை முறுக்கு என்னும் வழக்கு, காலால் கியர் மாற்றுகிற சாதாரண ஓட்டிக்கு, கோட்டுக்கு 600 ஆர்.பி.எம். முன்னதாக ஒளி எரியும்படி திருத்திக்கொண்டால், போதுமான வழக்கே. தானியங்கிச் சாதனம் பூட்டியவருக்கு அது போதாது. அவர் தம் வண்டியை, சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றிச் சக்திக் கோட்டை வரைந்து வாங்கி, கியர் விகிதங்களோடு வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கியருக்கும் வெவ்வேறு எண்ணைக் குறித்தே ஆக வேண்டும். இருவரும் எண்ணை நிர்ணயித்த பிறகு, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் மாற்றம் ஒருமுறைகூடத் தவறாதபடி பழகுவதற்கு எஞ்சிய பொழுதைச் செலவிடுவார்களாக.