சின்சினாட்டி முதல் அடிலெய்டு வரை

பிராண்ட் உத்தி என்றாலே அமெரிக்கப் புத்தகம் என்ற நினைப்பு நம் விளம்பரத் துறையை விட்டு இன்னும் போகவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. 1931-ல் சின்சினாட்டியில் பிராக்டர் அண்ட் கேம்பிளின் நீல் மெக்எல்ராய் எழுதிய மூன்று பக்கக் குறிப்பிலிருந்துதான் பிராண்ட் மேனேஜர் என்ற பதவியே வந்தது. அமெரிக்க விளம்பரக்காரர் ராசர் ரீவ்ஸும் பிறகு வந்த ரீஸ், ட்ரௌட் இருவரும் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: மற்றவரிடமிருந்து வேறுபட்டு நில்.

லண்டன்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1968-ல் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் ஸ்டீபன் கிங்கும் பி.எம்.பி. நிறுவனத்தில் ஸ்டான்லி பாலிட்டும், வாங்குபவரை ஆராய்ந்து விளம்பர உத்தி வகுக்கும் 'அக்கவுன்ட் பிளானிங்' என்ற தனித் தொழிலை உருவாக்கினார்கள். கிங்குக்கு மொத்த உத்தி முக்கியம். பாலிட்டுக்கோ, அரைகுறையாக இருக்கும் விளம்பரத்தை வாங்குபவர்கள் முன்னால் போட்டுக் காட்டி அவர்கள் முகத்தைப் பார்ப்பது முக்கியம். நான் பாலிட் கட்சி. அந்த பி.எம்.பி. 1970-களில் ஸ்மாஷ் என்ற உடனடி உருளைக்கிழங்கு மாவுக்குச் செய்த விளம்பரத்தை இன்றும் போட்டுப் பார்க்கலாம். கத்தியால் உருளைக்கிழங்கு சீவி, வேகவைத்து, மசிக்கும் பூமிவாசிகளை நினைத்துச் செவ்வாய்க் கிரக இயந்திரங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும். உடனடி மாவைக் கரைத்துப் பரிமாறுவது சோம்பேறித்தனம் என்ற உறுத்தல் அந்தச் சிரிப்பில் இடம் மாறிவிடுகிறது. கஷ்டப்பட்டு மசிப்பவர்தான் அசடு.

பாரிஸில் காப்ஃபெரர் பிராண்டின் அடையாளத்தை ஆறு முகங்களாக வரைந்தார். ஆடம்பரப் பொருள்களின் ஊருக்கு அது பொருந்தும். ஊறுகாய்க்கு ஆறு முகம் கொஞ்சம் அதிகம்.

எல்லோரையும் சீண்டியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு. ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பர்க் வீட்டு வாங்கல் பதிவுகளில் கண்ட ஒழுங்குகளை வைத்து, அங்குள்ள எரன்பர்க்-பாஸ் நிலையத்தின் பைரன் ஷார்ப் 2010-ல் நூல் எழுதினார். சிறிய பிராண்டுக்கு இரட்டை அடி: வாங்குபவர்களும் குறைவு, அவர்களின் விசுவாசமும் சற்றுக் குறைவு. ஆகவே பக்தர்களைத் தேடாதே. எப்போதாவது வாங்குபவரின் நினைவிலும் கடை அலமாரியிலும் இரு என்கிறார். அமெரிக்கப் பாடத்தோடு நேர் மோதல் இது.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஓர் உரைகல் வேண்டுமே? பிரிட்டனின் விளம்பரத் துறை அமைப்பான ஐ.பி.ஏ. 1980-ல் தொடங்கிய விளம்பரப் பயன் விருதுகள் அந்த வேலையைச் செய்கின்றன. விற்பனை ஏறியது என்றால் மட்டும் போதாது. விலைக் குறைப்போ விநியோகமோ அதற்குக் காரணம் இல்லை என்றும் காட்ட வேண்டும். அந்தக் கோப்புகளிலிருந்துதான் பினேயும் ஃபீல்டும் 2013-ல் 60:40 கணக்கைத் தந்தார்கள்: விளம்பரச் செலவில் பிராண்ட் வளர்க்க அறுபது சதவீதம், உடனடி விற்பனைக்கு நாற்பது. ஆனால் அவை விருதுக்கு அனுப்பப்பட்ட விளம்பரங்கள். தோற்றவை அங்கே வராது. அதை அப்படியே பவர்பாயின்டில் ஒட்டி ஈரோட்டு மசாலா கம்பெனிக்குக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலைதான்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. கடலூரிலிருந்து வந்த ஷாம்பு சாஷேயை அடிலெய்டுக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பாட்டில் வாங்கவே வாங்காதவர்களை, பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கியபடி அது எட்டிப் பிடித்தது. எந்தச் சரத்தில், எந்த ஊரில், எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்கினார்கள் என்ற கணக்கை லண்டன் நடுவர்கள் கேட்கும் கறாரோடு எழுதினால், அடிலெய்டு வகுப்பிலேயே வைத்துப் பேசலாம்.