தரங்கம்பாடியில் நாலு ராத்திரி

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான் நிற்கிறார்கள். டேன்ஸ்பர்க் கோட்டை முன்னால் ஒரு போட்டோ, கடற்கரையில் ஒரு பொட்டலம் சுண்டல், உடனே வேளாங்கண்ணிக்கு வண்டி. ஐயோ, அப்படிச் செய்துவிடாதீர்கள்! போன தை முதல் வாரத்தில் நானும் அம்மாவும் அங்கே நாலு ராத்திரி தங்கினோம். விடிந்ததும் ஒரு திசையில் கிளம்புவோம், பொழுது சாயும்போது கோட்டைக்கே திரும்பிவிடுவோம். இப்படி ஒரு விடுமுறை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

முதல் நாள் திருக்கடையூர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே வந்துவிடுகிறது. மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சாமி இருக்கிற இடமாயிற்றே, பிரகாரம் முழுக்க அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான். ஒரு தாத்தா அப்போதுதான் கலச நீர் அபிஷேகம் முடிந்து, ஈர வேட்டி மாற்றி, தாலியைக் கையில் எடுத்திருந்தார். விரல் நடுங்கி முடிச்சு விழவில்லை. பாட்டி பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அவசரமே இல்ல, மெதுவா போடுங்க” என்றார். முடிச்சு விழுந்ததும் பேரப்பிள்ளைகள் அள்ளி வீசிய அட்சதை எங்கள் மேலும் விழுந்தது. முன்பின் தெரியாத அந்த ஜோடிக்காக அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

மறுநாள் பூம்புகார். ஏழு நிலை மாடமாக நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-ல் திறந்தது. கண்ணகி கதை முழுவதும் கல்லில் இருக்கிறது. ஆனால் என்னை ஆட்டிப்போட்டது காவிரி. குடகில் பிறந்து, திருச்சியில் அகன்று கிடந்த ஆறு, இங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில் சத்தமில்லாமல் கடலுக்குள் போகிறது. மேட்டூரில் தேக்கி, கல்லணையில் பிரித்து, வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்தது போக மிச்சம் இவ்வளவுதான். அம்மா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். “பாதி உப்புடா” என்றார். நானும் அள்ளிக் குடித்தேன். பாதி உப்பு, பாதி காவிரி!

மூன்றாம் நாளுக்குத்தான் வாடகைக் கார். கோடியக்கரை தூரம், இருட்டிலேயே கிளம்பிவிட வேண்டும். வேதாரண்யத்தை நெருங்கினாலே உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிகிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய மண். சரணாலயத்தில் வெளிமான்! பெயருக்கு ஏற்றபடி வெட்டவெளியில்தான் நிற்கிறது. மேலே கறுப்பு, வயிறு பால் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய கொம்பு. இருபதடி தூரத்தில் ஒரு கலை எங்களைப் பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சட்டென்று நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளல்! அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் துள்ளிப் போனது. அப்பால் சதுப்பில் பூநாரைகள் ஒற்றைக் காலில். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் குழகர் கோயிலுக்கும் போய் வாருங்கள், பூங்குழலி எங்காவது தென்படுவாள் என்றே தோன்றும்.

கடைசி நாள் காரைக்கால் அம்மையாரைக் கும்பிட்டுவிட்டு நாகூர். தர்காவின் ஐந்து மனோராக்களில் பெரியது 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வாசல் தெருவில் இறாலைத் தலையில் சுமந்த வாடா, எண்ணெயிலிருந்து நேரே கைக்கு வந்தது. ஆளுக்கு நாலு.

இத்தனைக்கும் திரும்பி வந்து சேர்கிற இடம் எது தெரியுமா? ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் எழுப்பிய கோட்டை. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றிய ஊர். சாயங்கால வெயிலில் அந்த மதில் மஞ்சளாகும் நேரத்துக்கு, நாலு நாளும் தவறாமல் நாங்கள் அங்கே இருந்தோம். பக்கத்தில் அலை அரித்தது போக நிற்கிற மாசிலாமணி நாதர் கோயிலில் விளக்கு ஏற்றுவார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். சுண்டல்காரர் அவராகவே இரண்டு பொட்டலம் கொண்டுவந்து நீட்டுவார்.