இரண்டு நடனக் கம்பெனிகளும் ஒரு உயிலும்

1978ல் ஜார்ஜ் பாலன்சின் ஒரு உயில் எழுதினார். நியூயார்க் சிட்டி பாலே கம்பெனியை லிங்கன் கர்ஸ்டீனோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். தான் அமைத்த நடனங்களைச் சொத்து மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் போட்டு எழுதிவைத்தார். சூசன் ஃபாரல் என்ற நடனக் கலைஞருக்கு மூன்று. முன்னாள் மனைவி டனாகில் லெ கிளர்க்குக்கு நிறைய. இந்த லெ கிளர்க் 1956ல் கோபன்ஹேகனில் போலியோ தாக்கி, 27 வயதில் ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்தவர். ஆட முடியாதவருக்கு ஆட்டத்தை எழுதிவைத்திருக்கிறார் மனுஷன். கம்பெனிக்கு என்று மொத்தமாக எழுதிக்கொடுக்கவில்லை.

இதைப் படித்த அன்றைக்குத்தான், கலாக்ஷேத்ரா பற்றி நான் சில வருஷம் முன்னால் எழுதிய குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ருக்மிணி தேவி பெயர் பதினோரு இடத்தில் வருது. மயிலாப்பூர் கௌரி அம்மாள் பெயர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள். அந்தக் குறிப்புக்கு இது திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன்? பாலன்சின் பிறந்தது 1904 ஜனவரியில். ருக்மிணி தேவி பிறந்தது அதே வருஷம் பிப்ரவரி 29. அவர் 1934ல் நியூயார்க்கில் முதலில் பள்ளிக்கூடம் திறந்தார். நிலையான கம்பெனி 1948ல்தான் வந்தது. இவர் 1936ல் அடையாறில் பள்ளிக்கூடம் திறந்தார். குற்றாலக் குறவஞ்சியோடு நாட்டிய நாடக வரிசை 1944ல் தொடங்கியது. அவர் மறைந்தது 1983, இவர் 1986. வருஷக் கணக்குப் பொருத்தம் மட்டும் இல்லை. பாலன்சின் படித்த பீட்டர்ஸ்பர்க் பாலே பள்ளியில்தான் அவருக்கு முன்னால் அன்னா பாவ்லோவாவும் படித்தார். ருக்மிணி தேவி பாவ்லோவாவை 1928ல் பம்பாயில் சந்தித்து, ஆஸ்திரேலியா போகிற கப்பலில் கூடவே பயணம் செய்து, அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைப் போய்ப் பார் என்று சொன்னதும் பாவ்லோவாதான். ஆக, ஒரே மரத்தின் நிழல் இரண்டு பேர் மேலேயும் விழுந்திருக்கு.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். பாலன்சின் தன் கையிலிருந்த பாலே மொழியில் புதிதாக எழுதினார். ருக்மிணி தேவிக்கு மொழியே வேறு சிலரிடமிருந்து வந்தது. கபாலீஸ்வரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் கற்று, 1935ல் அடையாறில் அரங்கேறினார். கலாக்ஷேத்ரா தொடங்கியபோது பாடம் நடத்தியவர்களும் பந்தநல்லூர்க்காரர்கள்தான். 1940களில் அவர்கள் விலகிய பிறகு நட்டுவாங்கத் தாளம் கலாக்ஷேத்ரா மாணவிகள் கைக்கு வந்தது. அதுவரை நட்டுவனார் குடும்பத்து ஆண்கள் கையில் இருந்த தாளம் அது. சாரதா ஹாஃப்மன் போன்றவர்கள் பல பத்தாண்டு அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் "கலாக்ஷேத்ரா பாணி" என்று சட்டெனக் கண்டுபிடிக்கிறோமே, அந்த நேர்கோடு, முழு அரைமண்டி, சுத்தமான அடவு, அது இந்த வகுப்பறைகளில் உருவானது.

இதில் என்ன கிடைத்தது, என்ன போனது? கிடைத்தது முதலில். சதிர் என்பது ஒருவர் ஆடுவது. பின்னால் நட்டுவனாரும் பாட்டுக்காரர்களும் கூடவே நிற்பார்கள். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைத்தார். நடுமேடை காலியானது. காலியான இடத்தில்தான் ஒரு கம்பெனி நிற்க முடியும். சந்து பணிக்கர் கதகளியைக் கொண்டுவந்தார். அவர் மகன் ஜனார்த்தனன், தனஞ்செயன் போன்ற பையன்கள் வந்தார்கள். 1955ல் தொடங்கி 1970 வரை ஆறு பாகமாக வளர்ந்த இராமாயண வரிசையில் தனஞ்செயன் இராமன், கிருஷ்ணவேணி லக்ஷ்மணன் சீதை. எண்பது வயதைத் தாண்டிய மைசூர் வாசுதேவாச்சாரியார் இசையமைக்க ஆரம்பித்தார். அவர் காலமான பிறகு பேரன் ராஜாராம் முடித்துவைத்தார். ஆண் பாத்திரங்களுக்குக் கதகளி கொடுத்த கனம் இல்லையென்றால் அந்த இராமாயணம் நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

போனது என்ன? பதம் ஆடும்போது ஒரே வரியைப் பத்து விதமாக அபிநயித்துக் காட்டலாம். அது அன்றைய பாட்டு, அன்றைய மனசு, பாடுகிறவர் எடுக்கிற சங்கதி இதையெல்லாம் பொறுத்தது. எட்டுப் பேர் வரிசையாக ஆடும்போது அதற்கு இடம் இல்லை. ஒருத்தர் மாற்றினால் ஏழு பேர் தடுமாறுவார்கள். இதைக் குறையென்று மட்டும் சொல்ல மாட்டேன், இது கம்பெனி என்ற அமைப்பின் விலை. ஆனால் விலை எவ்வளவு என்று தெரிய ஒரு அளவுகோல் இருக்கு. அதே கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்ற இன்னொருவர் பாலசரஸ்வதி. அவர் கடைசி வரை தனியாகவே ஆடினார். 1962ல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடியதும் அப்படித்தான். சிருங்காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதில் ருக்மிணி தேவியோடு அவருக்கு நேரடியான கருத்து வேறுபாடு. ஒரே ஆசிரியை, இரண்டு வழி. ஒரு வழிக்கு நிறுவனம் இருந்தது, இன்னொன்றுக்குக் குடும்பம் இருந்தது. கௌரி அம்மாளின் சமூகத்துப் பெண்களுக்கோ, 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கோயிலில் ஆடும் வழியும் மூடிப்போனது.

பாலன்சின் பக்கம் மட்டும் எல்லாம் நியாயம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் சுவரொட்டியில் பெரிய எழுத்து அவர் பெயர்தான். ஆனால் நடனத்துக்குள் மற்றவர்கள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. 1934ல் 'செரனேட்' ஒத்திகைக்கு முதல் நாள் 17 பெண்கள் வந்தார்கள், அதனால் தொடக்கக் காட்சியில் 17 பேர். ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி விழுந்தாள். இரண்டும் நடனத்துக்குள் போயின. 1957ல் 'அகான்' படைப்பின் நடுவில் கறுப்பினத்தவரான ஆர்தர் மிட்செலையும் வெள்ளைக்காரப் பெண்ணான டயானா ஆடம்ஸையும் கைகோத்து ஆட வைத்தார். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணம் இல்லை. அந்த இரண்டு உடம்புகளை எடுத்துவிட்டால் 'அகான்' வேறொன்று. மிட்செல் 1969ல் ஹார்லெமில் தனிக் கம்பெனி தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம், 1968ல், தனஞ்செயனும் சாந்தாவும் கலாக்ஷேத்ராவிலிருந்து வெளியே வந்து பரத கலாஞ்சலி தொடங்கினார்கள். இரண்டு ஊரிலும், கற்ற உடம்பு வெளியே போகும்போது கம்பெனியின் ஒரு துண்டும் கூடவே போயிருக்கு.

உயிலின் விளைவு இதுதான். 1987ல் அந்த வாரிசுகள் சேர்ந்து ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். இன்றைக்கு வேறொரு கம்பெனி பாலன்சின் நடனம் ஆட வேண்டுமென்றால் அனுமதியோடு ஒரு ஆளும் வருவார். பெரும்பாலும் அதை ஆடிப் பழகிய பழைய கலைஞர். வீடியோ இருக்கு, குறியீட்டுப் புத்தகம் இருக்கு, இருந்தும் ஆள் வர வேண்டும். மென்பொருள் வேலையில் இருக்கிற எங்களுக்கு இது நன்றாகப் புரியும். டாக்குமென்ட் எவ்வளவு இருந்தாலும், ராத்திரி சர்வர் விழுந்தால் எழுதினவனுக்குத்தான் போன் போகும். அங்கே அந்தப் போனுக்கு ஒரு மரியாதையும் சம்பளமும் வைத்திருக்கிறார்கள்.

கலாக்ஷேத்ராவின் பாதை வேறு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். மத்திய அரசின் கீழ் வருகிறது. நிலம், கட்டடம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அது பெரிய பாதுகாப்பு. திருவான்மியூரில் அந்த மரங்களைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சட்டம் பாதுகாப்பது நிறுவனத்தை. சீதை முதுகைத் திருப்பும் அந்த ஒரு நொடியை கிருஷ்ணவேணி எப்படி ஆடினார் என்பதைச் சட்டம் பாதுகாக்காது. அதை அவரிடம் கற்றவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

எங்கள் தூத்துக்குடியில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கு. முத்துக்குளிப்பு வரலாற்றில் பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று பங்கும் வரியும் வாங்கியவர்கள் பெயர் வரிசையாக வரும். எத்தனை சிப்பி, எவ்வளவு வசூல் என்ற கணக்கும் வரும். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சைப் பிடித்துக் கீழே போனவர் பெயர் வராது. 1961க்குப் பிறகு இங்கே பழைய மாதிரி முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கணக்குப் புத்தகம் பத்திரமாக இருக்கு. மூச்சு அடக்குகிற வித்தை அந்த ஆட்களோடேயே போய்விட்டது.

நடனத்தில் இன்னும் அவ்வளவு தாமதம் ஆகவில்லை. அந்த இராமாயணத்தில் ஆடியவர்கள் சொல்லிக்கொடுத்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். இன்று சீதை யார் என்று எழுதும்போது, அந்தச் சீதையை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார், அவருக்கு யார் என்று இரண்டு தலைமுறையாவது கேட்டு எழுதலாம். பழைய குறிப்பில் கௌரி அம்மாளை அடைப்புக்குறியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். முதல் பத்தியில் சேர்த்திருக்கிறேன்.