திறந்த வீடும் ஏவல் மணியும்

அகம் இன்னது, புறம் இன்னது எனப் பிரிக்கவொண்ணாத எளிய ஓய்வில்லம் இக்காலக் கட்டடக் கலையின் புதுமை என்று போற்றப்படுகிறது. சுவர் குறைவு, அறைகலன் குறைவு, கூடத்திலிருந்து கால் வைத்தால் புல்தரை. பேராக்கில் பால்மரக் காடாயிருந்த நிலத்தில் அத்தகைய வீட்டை எழுப்ப விழைவோர், ரப்பர் மண்ணிலேயே எழுந்த இரு வீடுகளை முதலில் நுணுகி நோக்குதல் நன்று.

ஒன்று ஈப்போவுக்கு அண்மையில், பத்து காஜாவை அடுத்து, ராயா ஆற்றங்கரை மேட்டில் முற்றுப்பெறாது நிற்கும் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய வேலை அது. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. தமிழ்க் கைவினைஞர் எழுபதின்மர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தனர் என்பர். 1926-இல் கெல்லி லிஸ்பன் நகரில் இறக்க, வேலை நின்றது. கோபுரத்தையும் லிப்டுக்கென விட்ட குழியையும் கண்டு, ஆடம்பரம் எனப் பலர் நகைப்பதுண்டு. ஆயினும் அதன் வளைவுத் தாழ்வாரங்களை இகழ்தல் இயலாது. வெயிலுக்கும் அறைக்கும் இடையே ஆள் நடக்கும் அகலத்துக்கு நிழலை அவை விரித்து வைத்திருக்கின்றன. மேலே வானம் பார்த்த தளமும் உண்டு. நிலவை நுகர்தற்கென்றே அமைந்த முற்றத்தையும், கூரைநீர் குழாய்வழி வீழும் ஓசையையும் அரண்மனைச் சிறப்பாகக் கூறும் நெடுநல்வாடையைக் கற்றோர்க்கு இஃது அயல்நாட்டு ஆசையாகத் தோன்றாது. குறை வேறிடத்தில் உள்ளது. அத்தாழ்வாரத்தில் நிற்பவன் தோட்டத்தை மேலிருந்து காண்கிறான், அதனுள் இறங்குவதில்லை. அது மேற்பார்வைக்கு ஏற்ற திறப்பு.

மற்றது இலங்கையில், பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் உள்ள லுணுகங்கை. வழக்கறிஞராயிருந்த ஜெப்ரி பாவா, 1948-இல் ஒரு ரப்பர் தோட்டத்தையும் அதிலிருந்த பங்களாவையும் வாங்கினார். நினைத்தபடி அதை மாற்றக் கல்வி போதவில்லை என உணர்ந்து, இலண்டன் சென்று கட்டடக் கலை பயின்று 1957-இல் தேர்ச்சி பெற்றார். 2003-இல் மறையும் வரை அத்தோட்டத்தைத் திருத்தியவண்ணமே இருந்தார். திருத்தியது பெரும்பாலும் வீட்டை அன்று, வீட்டுக்கு வெளியே உள்ளதை. குன்றின் உச்சியைத் தணித்தார், அப்பாலுள்ள நீரும் தாதுகோபமும் கண்ணிற்படும் பொருட்டு. வாயிலை இடம் மாற்றினார். அலரி மரக்கிளைகளில் பாரங் கட்டித் தொங்கவிட்டு, அவை தாழ்ந்து படரச் செய்தார். காலைக்கு ஓர் இருக்கை, உச்சி வேளைக்கு ஒன்று, மாலைக்கு வேறொன்று எனத் தோட்டமே அறைகளாயிற்று. திண்ணையும் முற்றமும் பழகிய தமிழர்க்கு இவ்வமைப்பின் பொருளைக் கூற வேண்டுவதில்லை. கெல்லியின் வளைவுகள் செய்யாததை இங்கே ஒரு மரநிழல் செய்துவிடுகிறது.

ஆயின், அவ்விருக்கைகளின் அருகே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசை. எந்த மணி ஒலித்தது என்பதைக் கொண்டு, ஐயா எங்கே இருக்கிறார், தேநீரை எங்கே கொண்டு செல்வது என்று பணியாளர் அறிவர். அழகிய ஏற்பாடுதான், சிறிது உறுத்தும் ஏற்பாடும் ஆகும். அந்த எளிமை பிறர் நடையால் நிலைபெற்றது.

இதைப் பேராக்கின் தோட்டத் தமிழர் வேறொரு முனையிலிருந்து அறிவர். லயத்து அறை சிறிது, குடும்பம் பெரிது. ஆகவே முன் தாழ்வாரத்திலேயே தலை வாரினர், அரிசி புடைத்தனர், பிள்ளையை உறங்க வைத்தனர், வந்தவர்க்குப் பாய் விரித்தனர். அகமும் புறமும் கலந்த வாழ்வு அது. எவரும் விரும்பித் தேர்ந்ததன்று. அத்தகரக் கூரையையும் மரத்தூணையும் அழகெனக் கொண்டு ஓய்வில்லத்துக்கு எடுத்தாள்வது தவறன்று. ஆனால் தாழ்வாரம் பயன்பட்டதற்கு இடநெருக்கடியே காரணம் என்பதை மறந்து, 'அக்கால எளிமை' என்று அதற்குப் பெயரிடுவது பொய்யாகும்.

பயன் நோக்கிற் கூறின், இந்நாட்டு மழைக்கு இறவாணம் ஆழமாயிருத்தல் வேண்டும். சாரலடிக்கும்போதும் கதவு திறந்திருக்க முடிந்தாற்றான் அது திறந்த வீடு. மலாய்க் குடியானவரின் தூண்மேல் நிற்கும் வீடு இதனை நன்கறியும். பெரிய கண்ணாடிச் சுவரோ வெயிலை உள்ளே விட்டுக் காற்றை வெளியே நிறுத்துகிறது. பின்பு குளிர்சாதனம் வேண்டியதாகிறது. புகைப்படத்தில் மட்டுமே அது வெளியோடு கலக்கிறது.

இவ்வகை வரைபடங்களில் இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தோட்டக் காட்சி முழுவதையும் ஈந்தபின், சமையற்கட்டைச் சன்னலற்ற பின்மூலையில் ஒதுக்கிவிடுவோர் பலர். விடுமுறையிலும் அங்கே ஒருவர் நின்று சமைக்கத்தான் போகிறார்.